உங்களை ஆர் கேட்டது?

1986. ஆஸ்பத்திரிச் சலவை வேலை முடிந்து, சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் இருந்த வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெகதீஸ்வரன் அறிவித்தார்:

"அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பார்பராவைத்தான் எடுப்பினம்."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு இடத்துக்கு ஒன்பது மருத்துவ மாணவர் கேட்டிருக்கினம் எண்டீங்கள். அவள் சோதினையிலயும் கடைசி எண்டீங்கள்!"

"மற்ற எட்டுப் பேரும் சரிவரமாட்டினம்."

"பெரிய டாக்குத்தர் மாதிரிக் கதைக்கிறியள். உங்களை ஆர் கேட்டது?"

அப்போதுதான் அவர் விரலில் இருந்த கட்டைக் கண்டாள்.

"ஐயோ, என்னப்பா இது?"

"திரும்பவும் ஊசி குத்திப்போட்டுது. சலவைக்குப் போடுற கோட்டுப் பைக்குள்ள ஊசியை அப்பிடியே விட்டிடுவினம். பார்பரா எண்டு பேர் போட்ட கோட்டு மட்டும், எவ்வளவு ரத்தத்தோட வந்தாலும், பை வெறுமையாய்த்தான் இருக்கும்."

"இதைப் போய் டாக்குத்தரிட்டைச் சொன்னனீங்களோ?"

"நானாய் வாய் திறக்கேல்லை. அந்த அவசர சிகிச்சைப் பிரிவின்ர தலைமை டாக்குத்தர்தான் விரலுக்குக் கட்டுப் போட்டவர். போட்டு முடிய, ஒன்பது பேரின்ர விண்ணப்பத்தையும் எனக்கு முன்னால பரப்பி வைச்சு, 'இதில ஆற்றை கோட்டு உங்களுக்கு ஒருநாளும் குத்தேல்லை?' எண்டு கேட்டவர்."

ஞானேஸ்வரி ஊற்றிய தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, விருந்தினருக்கென்று பத்திரப்படுத்தியிருந்த பீங்கான் கோப்பையை எடுத்தாள்.