பெருக்கல் குறியின் மேல்

அண்ணனின் வலது பாதத்தில் நர்ஸக்கா நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இந்த இடத்துலதாம்மா துடிக்குது. அரை மணிக்கு ஒருதடவை தொட்டுப் பாத்து எழுதி வை. நின்னுடுச்சுன்னா ஓடி வந்து என்னைக் கூப்பிடு."

பதினெட்டுக் கட்டிலுக்கு அவர் ஒருவர்தான்.

லாரியிலிருந்து சரிந்த இரும்புச் சட்டம் அண்ணனின் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாயை அறுத்துவிட்டது. மற்ற காலிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்து விடியற்காலையில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டு அடைத்துக்கொண்டால் உடனே திறக்க வேண்டும், சில மணி நேரம் தவறினால் கால் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எங்க வீட்டு டாக்டரம்மா பக்கத்துல இருக்கா. காலு எங்க ஓடிடப் போகுது?" என்றான் அண்ணன்.

மாலை நேரச் செவிலியர் உதவியாளர் படிப்பில் நான் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விரிப்பு மாற்றவும் கட்டுப் போடவும் தெரியும்.

நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். மணி, காலில் துடிப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கட்டம்: தலைமாட்டு மானிட்டரில் தெரிந்த இதயத்துடிப்பு எண்.

பத்து மணி. குறியின் மேல் கட்டைவிரலை வைத்து எண்ணினேன். இருந்தது.

பதினொரு மணிக்குப் பாதம் குளிர்ந்திருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். என் மேலேயே நம்பிக்கை வராமல் இன்னும் அழுத்திப் பார்த்தேன். நன்றாகவே துடித்தது.

ஒன்றரை மணிக்கு, விரல்கள் மரத்துப்போகின்றன என்றான். எனக்கு நெஞ்சு படபடத்தது. இரண்டு தடவை எண்ணினேன். முன்பைவிடப் பலமாகத் துடித்தது.

நர்ஸக்கா வந்தார். நோட்டைப் பார்த்துத் தன் தாளில் எழுதிக்கொண்டார். என் கையெழுத்து மணிமணியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்து பாதத்தைத் தொட்டார். கையை எடுக்கவில்லை. இடம் மாற்றி மாற்றித் தொட்டார். பிறகு என் நோட்டைக் கேட்டு வாங்கினார். பன்னிரண்டு வரி, பன்னிரண்டிலும் துடிப்பு.

நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

ஒட்டைத் திறந்து பார்த்தார்கள். மறுநாள் விடிந்ததும் முழங்காலுக்கு மேலே வரை காலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் ஒரே பாட்டைப் பாடுகிறான். "பாவம், கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டா. காலுக்குத்தான் குடுத்து வைக்கல."

அண்ணி எனக்கு முதலில் சோறு போடுகிறாள்.

நேற்று வகுப்பில் நாடி பார்க்கும் பாடம் நடந்தது. கட்டைவிரலை வைக்கவே கூடாது என்றார் ஆசிரியை. அதற்குள்ளேயே நம்முடைய சொந்தத் துடிப்பு பலமாக உண்டாம்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன்.

மானிட்டர் கட்டத்தில் பகல் முழுக்க எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தொன்பது. பக்கத்துக் கட்டத்தில், கால். பத்து மணிக்கு எழுபத்தெட்டு. பதினொரு மணிக்குத் தொண்ணூற்றாறு. ஒன்றரைக்கு நூற்றுப் பன்னிரண்டு.

அரை மணிக்கு ஒருமுறை, கோணாத கோட்டுக்குள், நான் எவ்வளவு பயந்தேன் என்பதை எழுதி வைத்திருக்கிறேன்.