வெறுங்கால் பெரியவருக்கு ஒரு மாலை

கிட்ட வாங்கோ பிள்ளையள், கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. லண்டனில், டூட்டிங்கில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கின படத்தின் கதை சொல்லப்போறன். பயப்படாதையுங்கோ, நல்லாய்த்தான் முடியும்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஆடி அமாவாசை. வாசற்கதவில் சாவி திரும்பியது.

"கழட்டுங்கோப்பா, கழட்டுங்கோ! மனிசி வந்திட்டா!" என்றாள், அந்த வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த கலாவதி.

புருஷன் ஆனந்தராஜா கையை உயர்த்துவதற்குள் கதவு திறந்துவிட்டது.

வீட்டுக்காரி மிஸிஸ் பெங்கெல்லி அப்படியே நின்றார். மாடிப்படியோரம் தொங்கிய பழைய படத்துக்குக் கார்னேஷன் மாலை. கண்ணாடிக்கு மேல் சந்தனப் பொட்டு. கீழே ஊதுபத்தி.

ஆனந்தராஜாவின் தகப்பன் போன வருடம் ஊரில் செத்துப்போனார். சண்டைக்குத் தப்பி ஓடி வந்த அவசரத்தில் அவருடைய படம் ஒன்றையும் எடுத்து வரவில்லை. அப்பாமாரின் நாளில் வெறும் சுவரைக் கும்பிட ஏலுமோ? வீட்டுக்காரியின் முன்னோருக்கென்றாலும் மாலை போடுவோம் என்றது கலாவதிதான். படத்தில் இருந்தவர் வெறுங்காலோடு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஆசீர்வதிப்பதுபோல நின்றார். பக்திமான்தான், சந்தேகமே இல்லை.

கறி மணக்கிறது என்று முதல் இருந்த வீட்டை விட்டு எழுப்பிவிட்டார்கள். பிள்ளை வரப்போகிறது என்று இரண்டாவது வீட்டிலும். கலாவதிக்கு இப்போது நிறைமாதம். இந்த அறையும் போனால் பிள்ளையை எங்கே கொண்டுபோய்க் கிடத்துவது?

மிஸிஸ் பெங்கெல்லி பைகளைக் கீழே வைத்தார். படியில் குந்தி முகத்தை மூடினார். தோள் குலுங்கியது.

கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, மனிசி சிரிக்கிறா. கண்ணால் தண்ணி ஓட ஓடச் சிரிக்கிறா.

படத்தில் இருந்தவர் மிஸிஸ் பெங்கெல்லியின் குடும்பத்து ஆளே இல்லை. அவருடைய சொந்த ஊர்ப்பக்கமான கோர்ன்வாலில் மல்யுத்தம் பிடித்தவர். அந்தக் கை ஆசீர்வதிக்க அல்ல, எதிராளியின் சட்டையைப் பிடிக்க நீண்டது. நூறு வருடத்துக்கு முந்தி, ஊரே திரண்டு பார்த்திருக்க, மிஸிஸ் பெங்கெல்லியின் பூட்டனைத் தூக்கி மல்லாக்க விழுத்தியவர்.

பூட்டன் தகரச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அதுவரை தோற்றதே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து தன் படத்தைக் கழற்றி, அதே ஆணியில் வென்றவனின் படத்தை மாட்டினாராம். நேர்மையாய் விழுத்தினவன், எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று மல்லுக்கு இறங்கி வெல்லும்வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றாராம்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். குடும்பம் லண்டனுக்கு வந்தது. ஒருத்தரும் மல்லுக்கு இறங்கவில்லை.

ஆனந்தராஜா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மாலையைக் கழற்றப் போனான்.

மிஸிஸ் பெங்கெல்லி அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். கலாவதியின் வயிற்றைப் பார்த்தார்.

"மாலை கிடக்கட்டும். படத்தை, இந்த வீட்டில் பிறக்கப்போற பிள்ளை வளர்ந்து, வென்று கழட்டட்டும்."

ஆனந்தராஜா, ஒருத்தரும் விழுத்தாமலே, நிலத்தில் குந்திவிட்டான்.

எழும்பு என்று ஒருத்தரும் சொல்லாத கூரையின் கீழே, பிள்ளைச் சத்தத்தோடு, நீங்களும் உங்கட குடும்பமும் நல்லாய் இருக்கவேணும், என்ர செல்லங்கள்.