மஞ்சள் பெட்டி

ரூ காய் என்ற தெருவில், கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அந்த இளம் டொக்டர் அஜந்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் நின்ற அவள் கணவன் இராஜதுரை கண்ணாடியை இன்னும் நெருங்கினான். அஜந்தா அங்கே துப்புரவு வேலை செய்பவள்தான். ஆனால் இன்று அவளுக்கு லீவு.

அவள் வெளியே வந்ததும் மறித்தான்.

“லீவு நாளிலை இஞ்சை என்ன வேலை?”

“சும்மா வந்தனான்.” கையைப் பின்னால் மறைத்தாள்.

“நான் பகிடி விட்டால் உமக்குச் சிரிப்பு வராது. அவன் கையைப் பிடிச்சால் மட்டும் வருதோ?”

அஜந்தா விரலை நீட்டினாள். பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“ஊசி குத்திப்போட்டுது. நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான் சொல்லேல்லை. நான் அழுததைப் பார்த்து அவர்தான் ஏதோ சொல்லிச் சிரிக்க வைச்சவர்.”

“கிளினிக் ஊசியை ஒழுங்கா எறியத் தெரியாதோ அவனுக்கு? இப்பவே போய்க் கேக்கிறன்!”

“அங்கை எல்லா ஊசியும் மஞ்சள் பெட்டிக்குள்ளைதான் போகும். இது எங்கடை வீட்டிலை குத்தினது. குசினிக் குப்பையைக் கட்டேக்கை, வெறும் பால் பெட்டிக்குள்ளை ஒளிஞ்சிருந்தது. ஆற்றை ஊசி எண்டு தெரியாட்டி, மாசக்கணக்கா ரத்தம் சோதிக்கவேணுமாம். எங்கடை வீட்டிலை ஆரப்பா ஊசி போடுறது?”

இராஜதுரையின் கை, கோட்டுப் பைக்குள் இருந்த இன்சுலின் ஊசிப் பேனாவைப் பொத்திக்கொண்டது.

அந்தப் பேனாவை வாங்கிய அன்று, மருந்துக்கடையில் அவனுக்கும் ஒரு மஞ்சள் பெட்டி கொடுக்க வந்தார்கள். வீட்டில் வைத்தால், கிளினிக்கில் தினமும் அதையே தூக்கும் அஜந்தா ஒரே பார்வையில் அவனுடைய சீனி வருத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று, வேண்டாமென்றுவிட்டான்.

“வாரும், திரும்ப உள்ளுக்குப் போவம்,” என்றான். “அவரிட்டை நானும் ஒண்டு சொல்லவேணும்.”