மும்பை நடிகையின் இந்தி

ரிப்பன் வெட்டும்வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

கத்தரிக்கோலை வாங்கினாள், வெட்டினாள், சிரித்தாள், "வணக்கம் சேலம்!" என்று வேண்டுமென்றே கோணலாகச் சொன்னாள். ஜவுளிக்கடை வாசலில் நின்ற கூட்டம் சொக்கிப் போய்விட்டது. மும்பைப் பெண் எவ்வளவு ஆசையாகத் தமிழ் பேச முயற்சி செய்கிறது பாருங்கள்!

முயற்சிதான். நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வணக்கத்தைக் கோணலாகச் சொல்வதென்றால் சும்மாவா? கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் கோகிலவாணி. குமாரபாளையத்துச் சேலை விளம்பரத்தில் நின்றபோதும், திருப்பூர் நைட்டி டப்பாவில் சிரித்தபோதும், சென்னையில் ஃபேஷன் மேடையில் நடந்தபோதும் அதே பெயர்தான். சினிமாவுக்கு வந்ததும் மேனேஜர் அடித்துச் சொல்லிவிட்டார். மும்பை என்றால் கதாநாயகி, நாமக்கல் என்றால் கதாநாயகிக்குத் தோழி. அன்றிலிருந்து அவள் கைரா.

முதல் படம் ஓடிவிட்டது. அடுத்த படத்துக்கு இன்று சாயங்காலம் கையெழுத்து. தயாரிப்பாளர் இதோ பக்கத்திலேயே பட்டு வேட்டியில் நிற்கிறார். மும்பைப் பெண்ணைப் பிடித்துவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிற மனிதர். அவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தால் கைராவும் இல்லை, படமும் இல்லை.

போதாக்குறைக்கு, யூடியூப் சேனல் வைத்திருக்கிற பூபதி என்கிற புண்ணியவான் நேற்றுத்தான் ஒரு வீடியோ போட்டிருந்தான். 'கைரா மும்பையா? புதுச்சத்திரமா?' அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "அம்மா, உன்ற கால்ல வேணாலும் உழுவறேன், நாளைக்குச் சேலம் பக்கமே வந்துராதே" என்று அழுதே விட்டாள். அம்மா சௌந்திரம் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பூபதி முன்வரிசையிலேயே மைக்கும் கையுமாக நின்றான்.

செல்ஃபிக்கு வரிசை விட்டார்கள். நாலைந்து பேர் வந்து போன பிறகு ஒருத்தன் வந்தான். எண்ணெய் வழியச் சீவிய தலை, புதுச்சட்டை. வந்தவன் கையைக் கூப்பிவிட்டுக் கடகடவென்று இந்தியில் ஆரம்பித்தான்.

போச்சு!

தமிழ் தெரியாத மாதிரி நடிக்கத்தானே பழகி வந்திருந்தாள்? இந்தி தெரிந்த மாதிரி எப்படி நடிப்பது? சுற்றுவட்டாரத்து மில்லிலும் பண்ணையிலும் வடக்கத்திப் பையன்கள் நிறைந்து கிடப்பது அவளுக்குத் தெரியாததா? புத்தி எங்கே மேயப் போயிற்று!

அவன் பேசியதில் 'மும்பை' ஒன்றுதான் விளங்கியது. கடைசியில் புருவத்தை உயர்த்தியதால் அது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். பூபதி மைக்கை நீட்டிவிட்டான். தயாரிப்பாளர் தன் கதாநாயகியின் இந்தியைக் கேட்கிற ஆசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அச்சா," என்றாள்.

அவன் இன்னொன்று கேட்டான்.

"அச்சா… அச்சா."

அவன் முகம் மாறியது. கண்டுபிடித்துவிட்டான். இந்த லட்சணத்தில் பேசினால் எவன்தான் கண்டுபிடிக்கமாட்டான்? பழையபடி நைட்டி டப்பாவுக்கே போக வேண்டியதுதான் என்று நினைத்ததும் கோகிலவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவனும் திருதிருவென்று விழித்தான். பிறகு, அவள் ஏதோ பெரிய ஜோக் அடித்துவிட்டதுபோல விழுந்து விழுந்து சிரித்தான். அவனே ஒன்று கேட்டு, அவனே தலையாட்டி, அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். அப்புறம் பூபதியின் மைக்கைப் பிடுங்கினான்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க! இவங்க அசல் மும்பைதானுங்க. நான் பீகாருங்க, எனக்குத் தெரியாதுங்களா? என்னா இந்திங்க, தேனாட்டம்!"

விசில் பறந்தது. தயாரிப்பாளர் பூரித்துப்போய் அவன் தோளைத் தட்டினார். பூபதி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு மைக்கைத் திரும்ப வாங்கினான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்த மகராசி பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை செல்ஃபிக்காகப் பக்கத்தில் வந்து நின்றான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் மெதுவாகப் பேசினான்.

"பேரு பப்லுங்க. உங்க பண்ணையிலதானுங்க வேலை பாக்கறேன், நீங்க போனதுக்கப்பறம் வந்தேனுங்க. அம்மாதான் அனுப்பிச்சாங்க. எல்லாரு முன்னாடியும் அம்மிணிகிட்ட நாலு வார்த்தை இந்தி பேசிட்டு வா சாமி, அப்பறம் ஒருத்தனும் வாயைத் தொறக்கமாட்டான்னாங்க. உங்களுக்கு இந்தி வராதுன்னு அவங்க சொல்லவே இல்லீங்களே!"

எப்படிச் சொல்வாள்? மகளுக்கு வராதது என்று ஒன்று இருக்கும் என சௌந்திரம் என்றைக்கு நினைத்தாள்?

"எதுத்தாப்புல பேக்கரி வாசல்ல நிக்கறாங்க. அந்தப் பக்கம் மட்டும் திரும்பிராதீங்களாம். திரும்புனா நீங்க அழுதுருவீங்களாம்."

அவள் திரும்பவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, அவன் போனைத் தன் கையில் வாங்கிக் கொஞ்சம் மேலே தூக்கினாள்.

திரையில் இரண்டு தலைகளுக்கும் நடுவில் பேக்கரி தெரிந்தது. கடித்த தேங்காய் பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, சௌந்திரம் நுனிக்காலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தாள்.

"ஒன் மோர்," என்றாள் மும்பை நடிகை.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"ஒன் மோர்."