மணிக்கட்டு முந்திரி

எறும்புக் கூட்டத்தில் மோப்பக்காரி என்று ஒருத்தி இருந்தாள். எட்டத்தில் கிடக்கும் பண்டத்தைக்கூட முகர்ந்தே சொல்லிவிடுவாள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் பாதி அவளே கிளப்பிவிட்டது. வரிசையில் கடைசியாக வரும் கடுகு என்ற எறும்புக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மத்தியானம் எல்லோரும் மேசைமேல் ஒரு வெல்லத் துண்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு பெண் அப்போதுதான் சென்ட் பூசிய கையை நீட்டிப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஸ்பிரிட் நெடி குப்பென்று அடித்தது. அது அடங்கியதும் அந்த சென்ட் நெய்யில் வறுத்த முந்திரிபோல மணந்தது.

"வெல்லத்தைப் போடுங்கடி! அங்கே முந்திரி அல்வா இருக்கு!" என்றாள் மோப்பக்காரி.

"அது மனுஷி கை, அக்கா" என்றாள் கடுகு.

"உன் மூக்குக்கு வெல்லம்தான் எட்டும். பேசாம வா."

கூட்டம் மணிக்கட்டில் ஏறியது. தோலின் சூட்டில் வாசம் குழைந்து, சுண்டக் காய்ச்சிய பாலாக மாறியது. மோப்பக்காரி ஆசையாக ஒரு நக்கு நக்கினாள். வெறும் வியர்வை. அவள் முகம் கோணியது. அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு போட்ட முந்திரி" என்றாள் மோப்பக்காரி, நிதானமாக. "ரொம்ப உசத்தி. நாக்கு பழகினவங்களுக்குத்தான் புரியும்."

உடனே எல்லோரும் நக்கிவிட்டு, "ஆகா!" என்றார்கள்.

கடுகு இறங்கிப்போய் வெல்லத்தைத் தின்ன ஆரம்பித்தாள்.

"பாவம், ருசி தெரியாத ஜென்மம்" என்றார்கள் மேலே இருந்தவர்கள், உப்பை விழுங்கிக்கொண்டே.