பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் கம்ப்யூட்டர் விஜயதசமி காலையில் கிளம்ப மறுத்தது. சரஸ்வதி பூஜைக்கு முன்பு அதைப் பழுதுபார்த்த பாண்டிச்செல்வியை வரவழைத்து, மேனேஜர் வாஞ்சிநாதன் எரிந்து விழுந்தார்.

“திருடி! நீதான் இதுல எதையோ மாத்தி வெச்சிருக்கே.”

முதலாளி கமலாக்ஷி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்விக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “சார், ஆன் பண்ணதும் ஓடுற முதல் புரோகிராம் கோடு அசல்தானான்னு மெஷினே சோதிச்சுப் பாக்கும். யாரோ அதை மாத்திருக்காங்க. அதான் கிளம்பல.”

“அந்தச் சோதனையை எடுத்துட்டு மெஷினை ஓட விடு!”

“முடியாது. மாத்துனது யாருன்னு தெரியணும்.”

“உன்னை விட்டா யாரு? நீ குடுத்த கையோட, அஷ்டமி அன்னிக்கே பூஜை ரூம்ல வெச்சுப் பூட்டியாச்சு. மூணு நாளா சாவி என் இடுப்பை விட்டு எறங்கலை. இன்னொருத்தர் எப்படித் தொட முடியும்? போலீஸைக் கூப்பிடட்டுமா?”

செல்வி தன் லேப்டாப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். கோடு மாறிய நேரத்தை அதன் திரையில் வரவழைத்து, முதலாளி பக்கம் திருப்பினாள்.

நேற்றைய தேதி. பகல் பதினொன்று நாற்பது.

கமலாக்ஷி வாஞ்சிநாதனிடம் கையை நீட்டினாள்.

“போலீஸை நான் கூப்பிடறேன். சாவியைக் கொடுங்கோ.”