கண்காட்சிக்குப் போன தோட்டம்

"சேலம் கண்காட்சியில நம்ம தோட்டத்துப் பருத்திய வெச்சிருக்கறாங்க!" என்று வெள்ளியங்கிரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அரைப்பரீட்சை லீவு விட்டதும் மனைவி ஆத்தாயியையும் மகள் சரசுவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

"பருத்தின்னு அவுங்க சொன்னாங்களா?" என்று கேட்டாள் ஆத்தாயி.

"விவசாய ஆபீசர் ஒரு பகல் பூரா செடி செடியாப் பார்த்தாரு. 'இந்த அளவுக்கு எந்தத் தோட்டத்துலயும் பார்த்ததில்லீங்க, உங்க பேரோட வெக்கறேன்'னு பை நெறைய எடுத்துட்டுப் போனாரு. வேற என்னத்த வெப்பாங்க?"

பருத்திப் பந்தலை இரண்டு சுற்று சுற்றியும் அவர் பேரைக் காணோம். முகம் தொங்கிப்போன மனுஷனைப் பார்க்க ஆத்தாயிக்கே பாவமாக இருந்தது.

பக்கத்துப் பந்தலில் கூட்டம் நெரிந்தது. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே உயிரோடு வண்டுகளும் புழுக்களும்.

"அப்பா, உங்க பேரு இங்க இருக்குதுங்க!" என்று கத்திய சரசு, நடுப்பெட்டி மேலிருந்த அட்டையை உரக்க வாசித்தாள்: "பருத்திக் காய்ப்புழு. மிக அதிகமாகக் காணப்பட்ட இடம்: திரு. வெள்ளியங்கிரி அவர்களின் தோட்டம்."

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. வெள்ளியங்கிரி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆத்தாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க, எதுக்கு வெக்கப்படறீங்க? இத்தனை பெட்டியில நம்மளுதுதான் கொழுகொழுன்னு இருக்குது, பாருங்க!"

வெள்ளியங்கிரி துண்டை லேசாக விலக்கி எட்டிப் பார்த்தார். மற்ற பெட்டிகளையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னார்:

"நம்ம தோட்டத்துதுங்க!"